பெல்ஜியத்திலிருந்து மேலகரத்துக்கு

தென்காசி ரயில் நிலையத்தில் இறங்கும்போது கால் வீங்கியிருக்கிறது. நான் பிறந்த பெல்ஜியத்தில் அண்ணனைப் புதைத்துவிட்டு வருகிறேன். நாடுநாடாகச் சுற்றிய நான், குற்றாலச் சாரலில் மயங்கி மேலகரத்திலேயே குடியேறியதை அவன் கடைசிவரை ஏற்றுக்கொள்ளவில்லை.

எங்கள் தெரு ஆட்டோக்காரர் முருகையா பெட்டியை வாங்கிக்கொள்கிறார்.

"அண்ணனுக்கு இப்ப எப்படிம்மா இருக்கு?"

"போயிட்டான் முருகையா."

  வீட்டு வாசலில் பெட்டியை இறக்கிவைத்துவிட்டுச் சொல்கிறார்:

"அடுப்பு பத்த வச்சிராதியம்மா. துட்டி வீடுல்லா. எங்க வீட்டுல சோறு கொண்டாருவா."

துட்டி வீடு. சாவு விழுந்த வீட்டை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். என் அண்ணன் ஒருநாளும் எட்டிப்பார்க்காத வீடு இது. கல்லறையில் வராத அழுகை எனக்கு இந்த வாசலில் வருகிறது.