"பத்தல மிஸ்ஸி"

வேன் ஓட்டுநர் கைப்பேசியில் அழைத்தார். "மிஸ்ஸி போயிட்டாங்க தம்பி. ஈப்போ போயிச் சேரல. பாதி மலையிலேயே..."

தோட்டத்தில் காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு முடித்து, ஆட்கள் தேயிலைக்குள் ஏறிக்கொண்டிருந்தார்கள். பனி. யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று அலுவலக வாசலில் நின்றேன்.

மரகதம் மிஸ்ஸியை இந்த மலையில் உங்கள் எல்லோருக்கும் தெரியும். உங்களில் பாதிப் பேருக்கு அவர் ஊசி போட்டிருப்பார். அவர் தாதி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் நான் அவரை அறிந்தேன். தானா ராத்தாவில் இரத்தச் சுத்திகரிப்பு அறை ஒன்று பாதி நாள் பூட்டிக் கிடந்த காலம். இயந்திரம் இருந்தது. தாதிகள் வருவார்கள், சில மாதங்களில் இறங்கிப் போவார்கள். சுற்றுலா ஊரின் வாடகை அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. பிற்பகல் நோயாளிகள் மலைப்பாதையில் ஈப்போவுக்கு வளைந்து வளைந்து போனார்கள்.

"ஆளு வரலன்னு சொல்லாதீங்க. வந்த ஆளு ஏன் நிக்கலன்னு கேளுங்க," என்பார்.

கேட்பதற்காக ஒரு கூட்டம் கூட்டினார். தோட்ட நிர்வாகத்தின் சார்பில் நான். கியா பார்மிலிருந்து காய்கறித் தோட்ட முதலாளி, சீனத் தவுக்கே. தங்கும் விடுதிக்காரர் ஒருவரும் வர வேண்டும். "ஓட்டல் முதலாளிய வரச் சொல்லுங்க," என்று எங்கள் ஓட்டுநரிடம் சொல்லி அனுப்பியிருந்தார். ஓட்டுநருக்கு ஓட்டல் என்றால் சோறு. பிரிஞ்சாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் காதர் அண்ணனை அழைத்து வந்துவிட்டார்.

மிஸ்ஸி பெரட்டுப் போலவே தொடங்கினார்.

"தேயிலை?"

"இருக்கேன்."

"காய்கறி?"

"அடா!" என்றார் தவுக்கே, 'இருக்கேன்' என்பதை மலாயில்.

"ஓட்டல்?"

"வந்துட்டேன் மிஸ்ஸி. எத்தன பேருக்குச் சாப்பாடு?"

"சாப்பாடு இல்லய்யா. நர்ஸ் தங்க ரூம்."

"என் கடையில ஏது ரூம்? மாடியில வெங்காய மூட்டைதான் படுத்திருக்கு."

"வெங்காயத்த எழுப்பி வேற எடத்துல படுக்க வைங்க லா."

அந்த மாடியில்தான் புதிய தாதி சாந்தி குடிவந்தாள். எங்கள் வேன் அவளை ஏற்றி இறக்கியது. அவள் நின்றாள். காலை வேளை நிலைத்தது. பிற்பகலுக்கு இன்னொருத்தி வேண்டும். எங்கள் தொழிலாளர் லயத்துப் பெண் வசந்தியைத் தாதிப் படிப்புக்கு அனுப்பினோம். செலவைத் தேயிலையும் காய்கறியும் ஏற்றன. சாப்பாட்டை ஓட்டல்.

ஒவ்வொரு கூட்டத்தையும் மிஸ்ஸி ஒரே கேள்வியில் முடிப்பார். "ஆளு?"

எல்லோரும் சேர்ந்து சொல்வோம். "பத்தல மிஸ்ஸி."

"அப்ப அடுத்த மாசமும் வாங்க."

பிறகு அவருடைய சிறுநீரகமே நின்றது. காலைப் படுக்கைகள் நிரம்பியிருந்தன. எப்படியாவது இடம் செய்கிறேன் என்று சாந்தி கெஞ்சினாள்.

"நான் படுக்கணும்னா யார எழுப்புவ?" என்றார் மிஸ்ஸி.



வசந்தி திரும்பும்வரை ஈப்போ. போகும் வழியெல்லாம் வாந்தி. என்னிடம் சொன்னார்: "ரோடு நல்லாத்தான் இருக்கு சின்னக் கிராணி. ஒடம்புதான் வளைய மாட்டேங்குது." என் பட்டத்தையும் பதவியையும் அவர் ஒருநாளும் பொருட்படுத்தியதில்லை. கடைசிவரை அவருக்கு நான் தோட்டத்துச் சின்னக் குமாஸ்தா, சின்னக் கிராணி.

வசந்தி வந்துவிட்டாள். மிஸ்ஸியின் காரியம் முடிந்த வாரம். பிற்பகலில் அறை திறந்திருக்கிறது. அவருக்கென்று நினைத்திருந்த சன்னலோரப் படுக்கையைக் கடக்கும்போது நான் பார்ப்பதில்லை.

நேற்று கூட்டம். யார் பேர் கூப்பிடுவது என்று யாரும் கேட்கவில்லை. காதர் அண்ணன் என்னைப் பார்த்தார். கூப்பிட்டேன். தேயிலைக்கு நானே பதில் சொல்லிக்கொண்டேன். காய்கறி. ஓட்டல். எதிரே சாந்தியும் வசந்தியும், வெள்ளை உடுப்பில்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கடைசிக் கேள்விதான். அதையும் கேட்டேன்.

"ஆளு?"

பழக்கம். எல்லோரும் சேர்ந்தே சொன்னோம்.

"பத்தல மிஸ்ஸி."