சாதிக் செய்த பெட்டி

போன வாரம் காந்திபுரத்தில் ஒரு செல்போன் ரிப்பேர் கடை வாசலில் நின்றிருந்தேன். உள்ளே சால்டரிங் புகை கிளம்பி மூக்கில் ஏறியது. பிசின் கருகுகிற வாசம். நான் எலெக்ட்ரிகல் இன்ஜினியர் என்பதற்கு எனக்கு மிச்சமிருக்கும் அடையாளம் அந்த வாசனை ஒன்றுதான். வீட்டில் ஃபியூஸ் போனால் என் மனைவி என்னை ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுகிறாள்.

கடைசி வருஷ புராஜெக்ட் முழுக்க அந்தப் புகையில்தான் கிடந்தோம். அன்னூர்ப் பக்கத்துத் தோட்டக்காரர் மகன் செந்தில், உக்கடத்துச் சாதிக், நான். கரண்ட் வந்ததும் தோட்டத்துக் கிணற்று மோட்டாரைத் தானாக ஓட்டிவிடும் பெட்டி ஒன்றைச் செய்தோம். செந்தில் ஒயரிங், சாதிக் உள்ளே இருக்கும் ஐசி சிப்புக்குப் புரோகிராம், நான் ரிப்போர்ட். நன்றியுரை எழுத என்னை விட்டால் ஆளில்லை. ஒருத்தன் வேலையை இன்னொருத்தன் கேட்டுக்கொள்வதில்லை. வைவாவில் அவனவன் பங்குக்கு அவனவன் வாயைத் திறந்தால் போதும். எல்லாக் குழுவும் அப்படித்தான்.

ஐசிகூடப் புதிது இல்லை. லேப் பீரோவில் சீனியர்கள் செய்த பெட்டிகள் கிடக்கும். திறந்து பிடுங்கிக்கொள்வதுதான் எங்கள் துறையின் பரம்பரைச் சொத்துரிமை. எவனோ உள்ளே எழுதியிருந்ததை அழித்துவிட்டுச் சாதிக் தன்னுடையதை எழுதினான்.

மோட்டாருக்குப் பதில் டேபிள் ஃபேனை மாட்டி ஓட்டிப் பார்த்தோம். சுவிட்ச் போட்டால் சிவப்பு விளக்கு எரியும், ஃபேன் சும்மா நிற்கும். கொஞ்ச நேரம் கழித்துத்தான் டக்கென்று சத்தம் கேட்டுச் சுற்றும்.

"ஏன்டா, உன் பெட்டியும் என்னையாட்டம் சோம்பல் முறிச்சுப்போட்டுத்தான் எந்திரிக்குமா?" என்றேன்.

"காரணமாத்தான் நிக்குது மாப்ள. வைவால சொல்றேன், கேட்டுக்க."

வைவாவுக்கு முன்னால் சாதிக்குக்கு ஒரு காய்ச்சல் வந்தது. நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய் அவனைக் கேலி செய்துவிட்டு வந்தோம். அடுத்த முறை போனபோது கட்டில் காலியாக இருந்தது.

துறைத்தலைவர் கூப்பிட்டார். "இல்லாத பையனுக்கு எப்படிங்க மார்க் போடறது? பேரை எடுத்துப்போட்டு பைண்ட் பண்ணியாந்துருங்க." அட்டையை மறுபடி டைப் செய்தது நான்தான். ரிப்போர்ட் என் பங்கு அல்லவா.

வைவாவுக்கு வெளிக் கல்லூரியிலிருந்து வந்தவர் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் ஒடனே ஓடல?"

"டிலேங்க சார்," என்றான் செந்தில்.

"அது தெரியுதுப்பா. எதுக்கு?"

செந்தில் என்னைப் பார்த்தான். நான் என் ஷூவைப் பார்த்தேன்.

"தெரியலீங்க சார். சாதிக் வெச்சதுங்க."

"சாதிக் யாரு?" என்று அவர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். துறைத்தலைவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எங்களைப் பாஸ் போட்டு அனுப்பினார்கள்.

ரிசல்ட் வந்த சமயம், சாதிக்கின் லைப்ரரி புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க அவன் அம்மா கல்லூரிக்கு வந்தார்.

"அவன் ஒண்ணு செஞ்சிருக்கானாமே கண்ணு. அது ஓடறத ஒருக்காப் பாத்துப்போட்டன்னா எனக்குப் போதும்."

அனுமதி வாங்கி, பீரோவிலிருந்து பெட்டியை எடுத்து, டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு உக்கடம் போனோம். முன்னறையில் அவர் வீட்டு ஃபேனையே மாட்டினோம். அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எதிரே உட்கார்ந்தார். செந்தில் சுவிட்சைப் போட்டான். விளக்கு எரிந்தது. ஃபேன் நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

செந்தில் ஒயரை அசைத்தான்.

"இருங்க தம்பி, அவசரப்படாதீங்க," என்றார் அம்மா. "கொஞ்சம் நின்னுதான் ஓடுமாம். கரண்ட் வந்ததும் ஊர்ல இருக்கற மோட்டாரெல்லாம் ஒண்ணா ஓடுனா டிரான்ஸ்பார்மர் போயிருமாமே. மத்தவங்களுது ஓடட்டும், அப்பறம் நம்முளுது ஓடட்டும்னு சொல்லிட்டிருந்தான்."

நான் மெதுவாகப் பின்பக்க மூடியைத் தூக்கினேன். ஐசி இருந்த இடத்தில் பொத்தல்கள் மட்டும். ஜூனியர்கள் பிடுங்கியிருந்தார்கள். இந்நேரம் அழித்தும் இருப்பார்கள்.

அம்மா இன்னும் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓடாதுங்கம்மா," என்றான் செந்தில். "உள்ள அவன் எழுதுனது இல்லீங்க."

அவர் எங்களைத் திட்டியிருக்கலாம். "செரி, டீ குடிச்சுப்போட்டுப் போங்க," என்று எழுந்து உள்ளே போனார். டீ வர வெகுநேரமாயிற்று.

அவன் புரோகிராமை வைத்திருந்த ஃப்ளாப்பியை எந்தக் கம்ப்யூட்டரும் படிக்கவில்லை. அந்த அம்மா இப்போது இல்லை. செந்திலிடமிருந்து பொங்கலுக்கு ஒரு மெசேஜ் வரும், அதுவும் யாரோ அனுப்பியதை அனுப்புவான். வீதியை அகலப்படுத்தியபோது சாதிக் வீட்டின் முன்னறையை இடித்துவிட்டார்கள். நாங்கள் மூன்று பேரும் ஃபேனைப் பார்த்து உட்கார்ந்திருந்த இடம் இப்போது தார் ரோடு. அதன்மேல் பஸ்கள் போய்க்கொண்டிருக்கின்றன.