எட்டு மணிக்கு எழுந்து போகிறவர்கள்

நான் நீட்டிய எலுமிச்சை சோடாவைப் புறங்கையால் விலக்கிவிட்டு, மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடக்கத் தொடங்குகிறார் பெர்த்தா. மேடையில் யாரோ மைக்கைத் தட்டி 'ஹலோ, ஹலோ' என்கிறார்கள். கூட்டம் முழுவதும் முன்னால் பார்க்கிறது. இவர் மட்டும் மடக்கிய கறுப்புக் குடையால் தரையைத் தட்டிக்கொண்டு மைதானத்தின் பின்பக்கம் போகிறார். வேலியைப் பார்க்கிறார். டீக்கடை எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்று நின்று கவனிக்கிறார். திரும்பி வந்து விழாக் கமிட்டிக்காரர்களிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி எந்த ஊரிலும் ஒன்றுதான். "பெண்ணுங்க எங்க போவாவ?"

"எங்க போவாவன்னா? முன்னால பாய் விரிச்சிருக்கே!" என்பார்கள். பெர்த்தா அதை நோட்டில் எழுதிக்கொள்வார்.

காஞ்சிரங்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராம நூலகம். பெர்த்தாவுக்கு அங்கே நூலகர் வேலை. முப்பத்தாறு வயது, நல்ல உயரம், சிரித்தால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். கணவர் பயஸ் கடலுக்குப் போகிறவர். நம் பக்கத்தில் நூலகம் என்றால் புத்தகம் மட்டுமா? ஓணத்துக்கு ஒரு நாடகம், ஜனவரியில் ஆண்டுவிழா, அதற்கு ஒரு நாடகம் என்று எல்லாம் நூலகத்தின் தலையில்தான். பந்தல்காரர், ஒலிபெருக்கி, நாடகக் குழுவின் வேன், நோட்டீஸ் என்று பத்து வருடமாக அத்தனையையும் ஓடி ஓடிச் செய்கிறவர் பெர்த்தா. நோட்டீசில் அச்சாகும் பெயர்கள் கமிட்டிக்காரர்களுடையவை.

எனக்கு அவர்மேல் ஒரு பழைய மனத்தாங்கல் உண்டு. நெய்யாற்றின்கரையில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்துகொண்டு, உள்ளூர் நாடகங்களைப் பற்றி இந்தப் பத்திரிகைக்கு எழுதிவருகிறேன். மூன்று வருடங்களாக எந்த விழாவில் பார்த்தாலும் ஒரு சோடா வாங்கி நீட்டுகிறேன். ஒருமுறைகூட அவர் வாங்கியதில்லை. நோன்பாக இருக்கும் என்றார் ஒருவர். கர்வம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

தொண்ணூற்றாறில் பெர்த்தா முதுகலைப் படிப்பில் சேர்ந்தார். திருவனந்தபுரத்தில் ஒரு கல்லூரியில் புதிதாகத் தொடங்கிய படிப்பு. ஆர்ட்ஸ் மேனேஜ்மென்ட், அதாவது கலை நிகழ்ச்சிகளைத் திட்டமிட்டு நடத்தக் கற்றுக்கொடுக்கும் படிப்பு. சனி, ஞாயிறுகளில் வகுப்பு. மொத்தம் பதினோரு பேர். பரதநாட்டியப் பள்ளி வைத்திருப்பவர், வங்கி அதிகாரி, சினிமாத் தியேட்டர் முதலாளியின் மகன் என்று எல்லாரும் பெரிய இடம். வீட்டில் மீன் குழம்பை வைத்துவிட்டு ஆறே முக்கால் பஸ்சில் நின்றுகொண்டே பாடம் படித்துப் போகிறவர் இவர் ஒருவர்தான்.

"நாடகம் பாக்கியதுக்கு டிக்கெட் போதும். இவளுக்கு எம்.ஏ. வேணுமாக்கும்!" என்று பயஸ் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் டெல்னாவுக்குத் தலைவாரி வேதபாடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறவரும் அவர்தான்.

பாடப்புத்தகம் வெளிநாட்டுப் புத்தகத்தின் ஜெராக்ஸ். ஒருநாள் எனக்குக் காட்டினார். பார்வையாளர் வசதி என்று ஓர் அத்தியாயம். கார் நிறுத்த இடம், குளிர்கோட்டுகளைக் கழற்றி மாட்ட அறை, இடைவேளையில் மது வழங்கும் மேசை என்று பட்டியல் நீண்டது. பெர்த்தா பென்சிலால் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்து ஒரே ஒரு வரியில் நின்றிருந்தார். அதன் அடியில் மூன்று கோடு.

"இதை அவிய ஒத்தை வரியில எழுதிட்டுப் போயிட்டாவ சாரே. நமக்கு இங்க இதுதான் புஸ்தகம் முழுக்க" என்றார். அந்த வரி, கழிப்பறைகளைப் பற்றியது.

விஷயம் இதுதான். எங்கள் பக்கத்து விழாக்களில் நாடகம் மாலை ஆறு மணிக்குத் தொடங்கினால், எட்டு மணிக்குப் பெண்கள் கூட்டமாக எழுந்து போய்விடுவார்கள். கடைசி முக்கால் மணி நேரம் ஆண்களுக்காகத்தான் நடக்கும். ஏன் என்று கேட்டால் நூலகத் தலைவர் பொன்னப்பன் அண்ணனிடம் பதில் தயாராக இருக்கும். அவர் அரசு பஸ்சில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "எட்டு மணிக்கு டிவியில சீரியல் உண்டு. பெண்ணுங்களுக்கு இப்ப நாடகம் பிடிக்காது ஆக்கும்" என்பார். சும்மா இருந்தேனா நான்? 'சின்னத்திரை பெண்களின் ரசனையைத் தின்றுவிட்டது' என்று இதே பத்திரிகையில் ஒரு பக்கம் எழுதித் தள்ளினேன்.

பெர்த்தா அதை வெட்டி வைத்துக்கொண்டார். தன் ஆய்வேட்டில் அடிக்குறிப்பாகச் சேர்த்திருப்பதாகச் சொன்னபோது எனக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. வாங்கிப் படித்த பிறகுதான் தெரிந்தது, தவறான முடிவுகளுக்கு எடுத்துக்காட்டாகச் சேர்த்திருந்தார்.

ஒரு வருடம் முழுக்க அவர் பாறசாலையிலிருந்து அதியன்னூர் வரை விழா விழாவாகப் போய், வாசல் பக்கம் உட்கார்ந்து, பெண்கள் எத்தனை மணிக்கு எழுகிறார்கள் என்று குறித்தார். நாடகமானாலும் கானமேளை என்ற பாட்டுக் கச்சேரியானாலும் கதாபிரசங்கமானாலும், வந்து இரண்டு இரண்டரை மணி நேரத்தில் எழுந்துவிடுகிறார்கள். "நாடகம் பிடிக்கல்லேன்னா தொடங்கினதும் போகணும். ரெண்டு மணிக்கூர் வாயைப் பொளந்து பாத்திட்டு, கொலைகாரன் ஆருன்னு தெரியியதுக்கு முன்ன ஏன் போறாவ?" என்று என்னைக் கேட்டார்.

பெண்களிடம் கேட்டால் அரிசி வடிக்கணும், பிள்ளை உறங்குது என்றுதான் சொல்வார்கள். உடைத்துச் சொன்னவர் ஞானபாய் ஒருவர். வீடு வீடாக மீன் கொண்டுபோய் விற்கிறவர், ஐம்பது வயது இருக்கும். நானும் பக்கத்தில் நிற்கும்போதே சொன்னார்.

"மக்கா, நாடகம் உள்ள அன்னைக்கு நான் மத்தியானம் முதலே வெள்ளம் குடிக்கமாட்டேன். கஞ்சியில உள்ளதையும் வடிச்சிட்டு வெறும் சோறு தின்னுவேன். அங்ஙனே வந்தாலும் எட்டு மணி வரைக்கும்தான் இருக்க ஒக்கும். ஆணுங்களுக்கு மதிலு உண்டு. நமக்கு?"

நான் பெர்த்தாவைப் பார்த்தேன். "நானும் அப்பிடித்தான் சாரே. அதாக்கும் உங்களுக்க சோடா வேண்டாம்னு சொல்லியது" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மூன்று வருடம் அந்தப் பெண்மணியைக் கர்வி என்று நினைத்திருந்தேன்.

கல்லூரிப் பேராசிரியர் மட்டும் லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. 'இது ரசனை ஆய்வா, பஞ்சாயத்துக்குப் புகாரா?' என்று ஆய்வேட்டின் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதினார். ஒரு நிகழ்ச்சி நடத்திக் காட்டு, பெண்கள் திரை விழும்வரை இருந்தால் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். தொண்ணூற்றெட்டு மார்ச்சோடு படிப்பு முடிகிறது. அதற்குள் கையெழுத்து வாங்காவிட்டால் பட்டம் கிடையாது. இரண்டு வருடம் பஸ்சில் நின்றதெல்லாம் வீண்.

முதல் முயற்சி ஓணத்துக்கு. பயஸும் கூட்டாளிகளும் மைதானத்தின் வடக்கு மூலையில் குழி வெட்டி, தென்னோலையால் சுற்றிக் கட்டி, பெண்களுக்கென்று அழகான ஒரு மறப்புரை, அதாவது ஓலைக் கழிப்பறை, போட்டுக்கொடுத்தார்கள். பேராசிரியரும் வந்து உட்கார்ந்தார். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, பொன்னப்பன் அண்ணன் மைக்கைக் கையில் எடுக்கும்வரை. நல்ல மனிதர், நல்லது செய்யத்தான் நினைத்தார்.

"தாய்மாரே, சகோதரிமாரே! உங்களுக்கு வேண்டி வடக்கு வசம் மறப்புரை கெட்டியிட்டுண்டு. ஆரும் நாணப்பட வேண்டாம். தைரியமாட்டு போலாம்!"

மைதானத்தில் இருந்த அத்தனை ஆண்களும் வடக்கே திரும்பிப் பார்த்தார்கள். பிறகு எந்தப் பெண் எழுவாள்? போதாததற்கு அண்ணன் ஒவ்வொரு காட்சி முடிவிலும் மறக்காமல் அறிவித்தார். ஞானபாய் மட்டும் போனார். திரும்பி வரும்போது ஆண்கள் பக்கமிருந்து எவனோ கைதட்டினான். அதற்கு அவர் சொன்ன பதிலை இந்தப் பத்திரிகை அச்சிடாது. எட்டு மணிக்கு நூற்று முப்பது பெண்களும் ஒன்றாக எழுந்து வீட்டுக்குப் போனார்கள். வசதி செய்துகொடுத்தும் போய்விட்டார்களே என்றார் பேராசிரியர். பெர்த்தா அன்றைக்குச் சிரிக்கவில்லை.

அழுதாரா என்று பயஸிடம் கேட்டேன். "ஒரு நாள் அழுதா. மறுநாள் எழும்பி, லைப்ரரிக்க பின்வாசல் கதவுக்கு எண்ணெய் போடணும்னு சொன்னா" என்றார்.

ஜனவரி ஆண்டுவிழா நோட்டீசில் ஒரு வரி புதிதாக இருந்தது. 'அன்று இரவு ஒன்பது மணி வரை நூலகம் திறந்திருக்கும். மகளிருக்கு மட்டும் புத்தகம் வழங்கப்படும்.' பொன்னப்பன் அண்ணன் காரணம் கேட்டதற்கு, "ஆணுங்களுக்குத்தான் எல்லா நாளும் உண்டே அண்ணா" என்றார் பெர்த்தா. முப்பது வருடம் பெண்கள் இருக்கையிலிருந்து ஆண்களை எழுப்பிவிட்ட கண்டக்டருக்கு அந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துப்போயிற்று. விழாவன்று முன்வாசலில் தானே காவல் நின்று, "லேடீஸ் ஒன்லி, லேடீஸ் ஒன்லி" என்று ஆண்களை விரட்டினார்.

மைதானத்தை ஒட்டியிருக்கும் நூலகத்தின் முன்வாசல் பெண்கள் உட்காரும் பக்கம். உள்ளே பெர்த்தாவின் மேசை. அதைத் தாண்டினால் பின்வாசல். அதற்கு அப்பால் மதிலை ஒட்டி மூன்று மறப்புரைகள், குடம் குடமாகத் தண்ணீர். அன்று மத்தியானம் பயஸ் கட்டியவை. இந்த முறை மைக்கில் ஒரு வார்த்தை கிடையாது. ஒரு வாரமாக ஞானபாய் ஒவ்வொரு வீட்டின் அடுக்களை வாசலிலும் மீனோடு சேர்த்துச் சேதியையும் இறக்கிவைத்திருந்தார்.

நாடகம் ஆறு மணிக்குத் தொடங்கியது. பேராசிரியர் என் பக்கத்தில், கையில் கடிகாரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு இருந்தார். ஏழரை மணிக்கு, பிந்து என்ற இளம்பெண் எழுந்தாள். நூலகத்துக்குள் போனாள். ஐந்து நிமிஷத்தில் ஒரு தடித்த நாவலோடு வெளியே வந்து, பாயில் உட்கார்ந்து, நாவலை மடியில் வைத்துக்கொண்டு நாடகத்தைப் பார்த்தாள். அப்புறம் இரண்டு பேர். அப்புறம் நாலு பேர்.

சரியாக எட்டு மணிக்கு நடுவிலிருந்து ஒரு முப்பது பெண்கள் மளமளவென்று எழுந்து, சேலையில் ஒட்டிய மணலைத் தட்டினார்கள். பேராசிரியர் என்னைப் பார்த்தார். ஜன்னல் வழியே பெர்த்தா தெரிந்தார், எழுதிக்கொண்டிருந்த பேனா அப்படியே நின்றிருந்தது. பெண்கள் மைதானத்தின் வாசல்வரை வந்தார்கள். அங்கே ஞானபாய் நின்றுகொண்டு, "இந்நேரம் எங்க போறிய? புஸ்தகம் எடுக்கண்டாமா?" என்று ஒரு அதட்டல் போட்டார். முன்னால் வந்தவள் சிரித்துவிட்டாள். எல்லாரும் நூலகத்தின் பக்கம் திரும்பினார்கள். அப்போதுதான் நான் மூச்சுவிட்டேன்.

"எட்டு மணிக்கு இவ்வளவு பேர் படிக்கிறார்களா?" என்று பேராசிரியர் எழுந்து போனார். வாசலில் பொன்னப்பன் அண்ணன் கையை நீட்டி மறித்தார். "லேடீஸ் ஒன்லி ஆக்கும், சாரே." பேராசிரியர் கட்டிடத்தைச் சுற்றிப் போய்ப் பார்க்க நினைத்தார் போலிருக்கிறது. நாலடி வைத்தவர், தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டதும் சட்டென்று நின்று, வந்த வழியே திரும்பினார். அவர் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு பரவியதை நான் பார்த்தேன்.

திரை விழுந்தபோது மணி எட்டே முக்கால். ஒரு பெண்கூட வீட்டுக்குப் போகவில்லை. அம்மா வேடம் போட்ட நடிகை பூச்சைத் துடைக்காமலே இறங்கி வந்து, "கடைசி சீனில பெண்ணுங்க மூக்கு சிந்துற சத்தம் கேட்டு எத்தர வருஷமாச்சு!" என்று பெர்த்தாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அறுபத்தெட்டுப் புத்தகங்கள் போயிருந்தன. அதில் பாதியாவது படிக்கப்படும் என்றார் பெர்த்தா. "என்னா ஒரு வாசிப்பு பாத்தியளா!" என்று பொன்னப்பன் அண்ணன் மார்தட்டிக்கொண்டார். அவருக்கு உண்மை தெரியுமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் மனம் வரவில்லை.

பேராசிரியர் நூலகத்துக்குள் வந்து, புத்தகம் வழங்கும் மேசையிலேயே ஆய்வேட்டை வைத்துக் கையெழுத்துப் போட்டார். ஓரத்தில் தான் எழுதிய சிவப்பு வரியைத் தானே அடித்தார். "சாரின் கட்டுரையைப் பற்றிய அடிக்குறிப்பை மட்டும் எடுக்க வேண்டாம் பெர்த்தா, நன்றாக இருக்கிறது" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

பெர்த்தா கையெழுத்தின் மை காயும்வரை அந்தப் பக்கத்தை மூடவில்லை. ஊதி, தொட்டுப் பார்த்து, மூடி, பக்கத்தில் நின்ற மகள் டெல்னாவிடம் கொடுத்தார். அப்படியே நாற்காலியில் சாய்ந்தார். நான் வெளியே போய், பழக்கதோஷத்தில், ஒரு எலுமிச்சை சோடா வாங்கிக்கொண்டு வந்து நீட்டினேன்.

பெர்த்தா ஒருமுறை பின்வாசலைத் திரும்பிப் பார்த்தார். சோடாவை வாங்கி, அண்ணாந்து, நிறுத்தாமல் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, காலி கிளாசை மறுபடியும் என் பக்கம் நீட்டினார்.