ஒற்றைக் கண் தியானம்

குற்றாலத்து மலையடிவார ஆசிரமத்தில் நான் முதன்முதலாகத் தியானத்துக்கு உட்கார்ந்த அன்று சாரல் வலுத்துவிட்டது. வாசலில் கழற்றிப்போட்ட புதுச் செருப்பு நனையுமே என்று ஒரே கவலை. கண்ணை மூடினால் சாமி தெரியவில்லை, செருப்புத்தான் தெரிந்தது. மணியடித்து வெளியே வந்தால், எல்லார் செருப்பும் கூரைக்கடியில் சோடி சோடியாக, நனையாமல் இருந்தது. பக்கத்தில் ஒரு பெரியவர் ஒன்றும் தெரியாதவர்போல ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார்.

அவர்தான் இசக்கியப்பன் அண்ணாச்சி. வாலிபத்திலிருந்து அருவிக்கரை விடுதி ஒன்றில் ராக்காவல் பார்த்தவர். கண்ணசந்தால் வேலை போய்விடும். அப்படிப் பழகிய கண், தியானத்திலும் மூடமாட்டேன் என்றது. ஒன்றை மூடுவார், மற்றது வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும். குரங்கு தலைகாட்டினால் எழுந்துவிடுவார். உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஞானம் வந்ததோ இல்லையோ, பைகள் பத்திரமாக இருந்தன.

"ஆசிரமத்துச் சாமி ரெண்டு கண்ணையும் மூடச் சொல்லுதாவ, தங்கச்சி. எனக்கு மூட மாட்டேங்கு."

"ஒத்தக் கண்ணுக்குப் பாதிப் புண்ணியம் உண்டும், அண்ணாச்சி."

"கேலி பண்ணுதியாக்கும்."

ஒருநாள் என் கேலிக்கு அவருக்குச் சிரிப்பு வரவில்லை. மகன் தன்னோடு வந்து இருக்கச் சொல்லி ஓசூருக்குக் கூப்பிட்டுவிட்டான். ஞாயிற்றுக்கிழமை தென்காசியில் ரயிலேற வேண்டும்.

"போறதுக்குள்ள ஒருதரமாவது ரெண்டையும் மூடி உக்காந்துரணும். இல்லன்னா இங்கயும் காவக்காரனாத்தான் வந்துட்டுப் போனேன்னு ஆயிரும்."

ஞாயிறு காலை நான் சொன்னேன். "நீங்க மூடுங்க. வாசல நான் பாத்துக்கிடுதேன்."

மூடினார். இலஞ்சி முருகனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நான் வாசலையே பார்த்திருந்தேன். குரங்கு வந்தது. நேரே அண்ணாச்சியின் பையில் கைவைத்தது. உள்ளே ஆசிரமத்துச் சாமிக்கென்று வாங்கிய பழம். அதட்டினால் அவர் கண் திறந்துவிடும். கையை மட்டும் ஆட்டினேன். என்னை அது ஒரு ஆளாகவே மதிக்கவில்லை. பையோடு மாமரத்தில் ஏறிவிட்டது. அண்ணாச்சி முகத்தில் அசைவே இல்லை. அந்த முகத்தைப் பார்த்து நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

மணியடித்தபின் விஷயத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரும் பையைக் கேட்கவில்லை.

சாயங்காலம் வழிக்கு இட்லி கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். ரயில் நகரும்போது சன்னல் வழியாகக் குனிந்து சொன்னார்:

"தங்கச்சி, குரங்கு வந்தத நான் பாத்தேம்லா. பழந்தான, தின்னுட்டுப் போட்டும்னு மறுபடியும் ரெண்டையும் மூடிக்கிட்டேன்."