ஃபேனுக்கும் ஒரு பொட்டு

எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தபோது வயது நாற்பத்தெட்டு. பெரும்பாடு என்கிற ஓயாத உதிரப்போக்கில் ஒரு வருஷம் அல்லாடிய பிறகு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆபரேஷன் நடந்தது. எண்பதுகளின் கடைசி அது. விட்டது சனியன் என்று சந்தோஷமாக, மூன்று மாதம் கழித்து ராஜபாளையத்தில் நான் வேலை பார்த்த பேண்டேஜ் கம்பெனிக்குத் திரும்பிப் போனேன். என் இடம் செக்கிங் மேசை. அதில் உட்கார எனக்குப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. பெண்கள் சுருட்டிக் கொடுக்கும் ஒவ்வொரு ரோலும் என் கையைத் தாண்டித்தான் பெட்டிக்குள் போகும். ஒரு கறை, ஒரு தலைமுடி இருந்தாலும் கழிவில் தூக்கிப் போடுவேன், நாலு வார்த்தை ஏசவும் செய்வேன். என்னைக் கண்டால் எல்லாருக்கும் பயம். அது எனக்குப் பிடித்தும் இருந்தது.

வீட்டிலிருந்தபோது லேசாகத் தலைகாட்டியது, வேலைக்குப் போன முதல் வாரமே முழு வேகத்தில் ஆரம்பித்தது. நெஞ்சிலிருந்து கிளம்பி, கழுத்து, காது, முகம் என்று திகுதிகுவென்று ஏறும். அடுத்த நிமிஷம் வேர்த்துக் கொட்டும். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் அடங்கி, ஈரச் சேலையில் உடம்பு குளிரும். எங்கள் ஷெட்டில் ஃபேன் கிடையாது. காற்றடித்தால் பஞ்சுத் தூசி பறந்து துணியில் ஒட்டும் என்று முதலாளி மாட்டவே விடமாட்டார். ஒரு நாள் முகத்தில் வழிந்து நாடி நுனியிலிருந்து ஒரு சொட்டு வேர்வை வெள்ளை ரோலின் மேல் விழுந்தது. பேசாமல் அதைக் கழிவில் போட்டேன். அன்றைக்கு மட்டும் அப்படி ஏழு ரோல். அடுத்தவர் கெடுத்ததைப் பிடிக்க உட்கார்ந்தவளே கெடுத்துக்கொண்டிருந்தேன். முன்பு ஒருத்தி ரெண்டு தடவை மயங்கி விழுந்தாள் என்று, "வீட்ல போய் நல்லா இரும்மா" என்று அனுப்பிவிட்டார்கள். தெரிந்தால் எனக்கும் அதுதான் கதி. யாரிடமும் மூச்சு விடவில்லை.

மறுபடி காட்டுவதற்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போனபோது லேடி டாக்டரிடம் மட்டும் சொன்னேன். சினைப்பையையும் சேர்த்து எடுத்ததால் வருகிற சூடு இது, நாளாக ஆகக் குறையும் என்றார். மாத்திரை உண்டு, ஆனால் என் பிரஷருக்கு இப்போதைக்கு வேண்டாம் என்றார். எப்போது வருகிறது என்று கவனிக்கச் சொன்னார். கடைசியில் என் முந்தானையைத் தொட்டுப் பார்த்து, "இதை விட்டுட்டு நூல் சேலை கட்டுங்கம்மா" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நாள் முழுக்கப் பருத்திக்குள் கிடக்கிறவள் உடுத்தியிருந்தது காற்றே புகாத நைலக்ஸ் சேலை. அப்போது அதுதான் பகட்டு.

கவனித்தேன். பதினோரு மணி டீ உள்ளே போன கால் மணி நேரத்தில் தவறாமல் வந்தது. டீயை விட்டேன், நாலு நாள் தலைவலி பின்னி எடுத்தது. குழம்பில் காரத்தைக் குறைத்தேன், வீட்டுக்காரர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். மேசைக்கடியில் ஒரு செம்பு பானைத் தண்ணீர் வைத்தேன். கழிவுத் துணியில் ஒரு முழம் நனைத்துப் பிடரியில் போட்டேன். சூடு கிளம்பும்போதே ரோலிலிருந்து கையை எடுத்துவிட்டு நிதானமாக மூச்சு விடப் பழகினேன். பாதி குறைந்தது. மீதிப் பாதிக்குக் காற்று வேண்டும். அதைக் கேட்கத்தான் வாய் வரவில்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. கத்தரிக்கோல், தராசு, துணி வெட்டும் மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, ஷெட்டு நிறைய சாம்பிராணிப் புகை போட்டு, மேளம் வேறு கொட்டினார்கள். நான் பட்டுச் சேலையில் நின்றேன். கேட்க வேண்டுமா? குப்பென்று ஏறிவிட்டது. முகம் சிவந்து, வேர்த்து ஊற்றி, தாங்க முடியாமல் கொண்டையை அவிழ்த்துவிட்டு "உஸ்ஸ்" என்றேன்.

"யக்காவுக்குச் சாமி வந்திருச்சு!" என்று ஒருத்தி கத்தினாள். மற்றவர்கள் குலவையிட்டார்கள். ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை அப்படியே என் தலையில் ஊற்றினார்கள். பொய் சொல்லக் கூடாது, அந்தக் குளிர்ச்சி அவ்வளவு சுகமாக இருந்தது. முதலாளி கைகூப்பி முன்னால் வந்தார். "தாயே, என்ன கொறை வச்சோம்? சொல்லு, செஞ்சுபுடுதேன்."

சாமியாக நின்று ஃபேன் கேட்டிருந்தால் அன்றைக்கே மாட்டியிருப்பார். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் கறை பட்ட ரோலை நல்ல ரோல் என்று ஒரு நாளும் பெட்டிக்குள் விட்டவள் இல்லை நான்.

"சாமி இல்ல மொதலாளி. எனக்குக் கர்ப்பப்பைய எடுத்தாச்சுல்லா, அதனால வார சூடு. செத்த நேரத்துல போயிரும். வேலைக்கு ஒரு கொறையும் வராது. சாமான் ரூம்புல ஒரு ஃபேன் மட்டும் போடுங்க, நின்னுட்டு வந்துருதேன்."

மேளம் நின்றுவிட்டது. அத்தனை ஆம்பளைகள் முன்னால் அந்த வார்த்தையை யாரும் சொன்னதில்லை. முதலாளி தரையைப் பார்த்தார்.  மேசை போச்சு என்றே நினைத்தேன்.

அப்போது பின்னாலிருந்து ஒருத்தி பேசினாள். என் வயதுக்காரி. என்னிடம் அதிகம் ஏச்சு வாங்கியவளும் அவள்தான்.

"மொதலாளி, எனக்கும் ரெண்டு வருசமா இப்படித்தான் வருது. ஆபரேசன் இல்லாமலே, மாசத் தூரம் நின்னதுலேர்ந்து. எனக்கும் சேத்துப் போடுங்க."

இன்னும் ரெண்டு பேர் "எனக்கும்" என்றார்கள். நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். ரெண்டு வருஷமாக அவள் ரோலில் ஈரக் கறை என்று நான் கழிவில் வீசியதெல்லாம் என்ன கறை என்று அப்போதுதான் உறைத்தது. மற்றவர்கள் முன்னாலேயே அவள் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கக்கா, நானும் வாயத் தொறந்து சொல்லலையே" என்றாள்.

முதலாளி மேளக்காரரைக் கொட்டச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆனால் அடுத்த திங்கட்கிழமை சாமான் அறையில் ஒரு டேபிள் ஃபேன் இருந்தது. சூடு வந்தவள் யாரையும் கேட்காமல் எழுந்து போய் ஐந்து நிமிஷம் நின்றுவிட்டு வரலாம். தொண்ணூறுகளின் பாதி வரை, என் சூடு அடங்கிய பிறகும், அந்த மேசையில் நான்தான் உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் எதை நினைத்துப் பெருமைப்படுவாய் என்று யாராவது கேட்டால், யோசிக்காமல் அந்த ஃபேனைச் சொல்வேன்.

அடுத்த ஆயுத பூஜைக்கு, என்னிடம் ஏச்சு வாங்கிய அவள்தான் சந்தனக் கிண்ணத்தோடு சுற்றி வந்தாள். கத்தரிக்கு வைத்தாள், தராசுக்கு வைத்தாள், நேராகச் சாமான் அறைக்குப் போய் ஃபேனுக்கும் ஒரு பொட்டு வைத்தாள். இது எதற்கு என்று சூப்பர்வைசர் கேட்டார்.

"இது இல்லாட்டா நாங்க ரெண்டு பேரும் இன்னைக்கு வீட்லல்லா இருப்போம்" என்றாள்.