தூசி என்று நான் சொன்ன புள்ளிகள்

என் மருமகள் வாங்கி வந்த மீன் சுண்டுவிரல் நீளம் இருந்தது. சிவாஜிநகர்க் கடைக்காரர் ‘பைக் சிக்லிட்’ என்று மட்டும் சொல்லிப் பையில் கட்டிக் கொடுத்திருந்தார். தென்னமெரிக்க ஆற்று மீன் அது. ஒல்லி உடம்பு, பெரிய வாய், பிற மீன்களைத் தின்று வாழும் சுபாவம். அந்தப் பெயரில் பல இனங்கள் உண்டு. சில கையளவோடு நின்றுவிடும், சில முழங்கை நீளம் வளரும். குட்டியில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் மூக்கிலிருந்து வால்வரை ஒரே கரும்பட்டை.

எலெக்ட்ரானிக் சிட்டியில் மகன் வீட்டில் இருக்கிறேன். ஹாலில் இருப்பது மருமகளின் தொட்டி. அதில் ‘ராம்’ என்ற சின்ன வண்ண மீன்கள் ஒரு ஜோடி. உப்பு குறைந்த தண்ணீரில்தான் அவை முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும். எங்கள் அடுக்ககத்துக்கு வருவதோ வாளியில் வெள்ளைப் படலம் படிய வைக்கும் டேங்கர் தண்ணீர். அதனால் அவள் அலுவலகத்திலிருந்து வந்ததும் உடை மாற்றாமல் ஃபில்டர் தண்ணீரைக் குடத்தில் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டியில் ஊற்றுவாள். அந்த ஜோடி குஞ்சு பொரிக்க வேண்டும், அவளுக்கு அவ்வளவுதான் ஆசை.

புது மீனை அவற்றோடு விடலாமா என்று அவள் என்னிடம் கேட்கவில்லை. மீன் வளர்ப்பவர்களின் வாட்ஸாப் குழுவில் படம் போட்டுக் கேட்டாள். வேலையில் இருந்த காலமெல்லாம் கல்லூரியில் விலங்கியல் கற்பித்தவன் நான். எனக்குச் சுருக்கென்றது.

“என்னம்மா சொல்றாங்க?”

“இந்த சைஸ்ல கரெக்டா சொல்ல முடியாதாம் மாமா. வளர்ற வரைக்கும் தனியா வைன்னு சொல்றாங்க. தலையிலயும் முதுகுலயும் பொடிப் பொடியா புள்ளி இருக்கில்ல, அது பெரிய வகையா இருக்கலாமாம்.”

“யாரு சொல்றது?”

“ஒரு டென்டிஸ்ட்.”

“அப்போ பல்லைப் பாத்துச் சொல்லட்டும்.”

மகன் விழுந்து விழுந்து சிரித்தான். “அப்பா சொல்லிட்டா மீனே ஒத்துக்கணும்” என்றான்.

“புள்ளியெல்லாம் கண்ணாடியில இருக்கற தூசும்மா. பட்டையைப் பாரு. இது குள்ள வகை. எடுத்து விடு.”

நான் பார்த்துப் பழகியது ஃபார்மலின் ஜாடிகளில் இருந்த வளர்ந்த மீன்களை. வளர்ந்த பின்னும் அந்தப் பட்டை அழியாமல் இருந்தால் குள்ள வகை என்பது நான் அறிந்த அடையாளம். அதைக் கொண்டுபோய் ஒரு குட்டியின் மேல் வைத்தேன். என் மாணவன் செய்திருந்தால் மதிப்பெண் போட்டிருக்க மாட்டேன்.

“மாமா சொன்னா சரி” என்று அவள் மீனைத் தொட்டியில் விட்டாள்.

மறுநாள் எல்லோரும் வேலைக்குப் போன பிறகு கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்தேன். துணியில் தூசி வந்தது. புள்ளிகள் அப்படியே இருந்தன, மீன் நகர்ந்தபோது கூடவே நகர்ந்தன.

அன்று மாலையே சொல்லியிருக்கலாம். ஒக்கலிபுரத்திலிருந்து சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். “எங்க மாமா பாத்த உடனே இன்னதுன்னு சொல்லிட்டார்” என்று அவள் பெருமையாகச் சொன்னாள். நான் காபியைக் குடித்தேன்.

சில மாதங்கள் கழித்து ராம் ஜோடி தட்டைக் கல்லில் முட்டையிட்டது. அவள் கூவிய கூவலில் பக்கத்து வீட்டுக்காரி என்ன ஆயிற்றோ என்று பதறி ஓடி வந்து, “ஏனாய்த்து?” என்று கேட்டாள்.

“மாமா, பைக்கை வேற தொட்டிக்கு மாத்திடட்டுமா? வளர்ந்துட்டே போகுதே.”

“குள்ளந்தான்மா. நீதான் தீனி அதிகமாப் போடறே.”

முதலில் சொன்னது தவறு. இது பொய். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியும்.

குஞ்சுகள் பொரிந்து, பொடிப் புகை போலத் திரிந்தன. தாயும் தகப்பனும் இருபுறமும் காவல். அடுத்த ஞாயிறு மகனும் மருமகளும் சர்ச்சுக்குப் பூசை காணப் போனார்கள். முழங்கால் வலி என்று நான் போகவில்லை. பைக் பாறையிடுக்கிலிருந்து மெல்ல வந்தது. வலை என் கைக்கெட்டும் தூரத்தில் தொங்கியது. அதை எடுத்தால், ஏன் எடுத்தேன் என்று சொல்ல வேண்டிவரும். குஞ்சுகளைத் தின்றதோடு அடங்கிவிடும் என்று நினைத்தேன். அடங்கவில்லை.

அவர்கள் திரும்பியபோது ஆண் ராமின் வால் மட்டும் பைக்கின் வாய்க்கு வெளியே துடித்துக்கொண்டிருந்தது.

“எப்ப நடந்துச்சு மாமா?”

“தெரியலம்மா, கண்ணசந்துட்டேன்.”

அவள் என்னைத் திட்டவில்லை. மிஞ்சிய பெண் ராமை அந்தப் பல் மருத்துவரிடம் கொடுத்துவிட்டாள். இப்போது ஃபில்டர் தண்ணீர் பிடிப்பதில்லை, டேங்கர் தண்ணீரே அந்தத் தொட்டிக்குப் போதுமாம். கண்ணாடியைத் துடைத்த காலையைப் பற்றியும், வலையைப் பற்றியும் அவளிடம் இன்னும் நான் சொல்லவில்லை.

பைக் தனியாக, முழங்கை நீளத்தில், அங்குமிங்கும் திரும்புகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் இது என்ன மீன் என்று கேட்பார்கள்.

“மாமாவைக் கேளுங்க” என்பாள், மரியாதையாகவே.

நான் சொல்வேன். இப்போது சரியாகவே சொல்கிறேன். அவர்கள் என் படிப்பை வியப்பார்கள். அவள் சமையலறைக்குப் போய்விடுவாள்.