கதிரைப் படம் போட்ட பெட்டி

எங்கள் வீட்டார் எந்தப் பயணம் போனாலும் எனக்கென்று ஒரு உத்தியோகம் உண்டு. செருப்புக் காவல். கடற்கரையோ, கோயில் தீர்த்தமோ, பட்டினத்தில் போட்ட கார்னிவலோ, எல்லோரும் உள்ளே போவார்கள். நான் சக்கர நாற்காலியில் வெளியே இருப்பேன். காலடியில் செருப்புகள், மடியில் பைகள், யாரோ பாதி கடித்துவிட்டுத் தந்த சோளப்பொத்தி. சம்பளம் கிடையாது, லீவும் கிடையாது.

மகள் கைக்குழந்தையாக இருந்தபோது நடந்த பஸ் விபத்தில் என் முதுகெலும்பு அடிபட்டது. அவளுடைய தகப்பன் கத்தாரில். ஆகவே அவளை இடுப்பில் வைத்துத் திரிந்ததும், ஊஞ்சலில் ஏற்றியதும் என் அக்காதான். அக்கா தங்கமானவள், அதில் இரண்டாம் பேச்சில்லை. ஆனால் நாய் குரைத்தாலும் இடி இடித்தாலும் என் பிள்ளை என்னைத் தாண்டி ஓடிப்போய்ப் பெரியம்மாவின் சேலையைப் பிடிக்கும்போது எனக்கு வயிறு எரியும்.

வாவிக்கரையில் ஒரு விளையாட்டுப் பூங்கா திறந்திருக்கிறார்கள், அதில் பெரிய ராட்டினம் இருக்கிறது என்று பள்ளிக்கூடத்திலிருந்து மகள்தான் செய்தி கொண்டுவந்தாள்.

"அம்மாவும் ஏறலாமாம்," என்றாள்.

"தூக்கி ஏத்தினா ஆரும் ஏறலாம்."

"தூக்கத் தேவையில்லையாம். நீங்க ஏறினாத்தான் நானும் ஏறுவன்."

இந்தத் தூக்குவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். எங்கள் பகுதி ஆட்களுக்கு இரக்கம் அதிகம். படிக்கட்டுக்கு முன்னால் ஒரு சக்கர நாற்காலி நின்றால் போதும், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நாலு பேர் வந்துவிடுவார்கள். கேட்கமாட்டார்கள். வீட்டுக்கு வந்தவரிடம் "சோறு போடவா?" என்று கேட்பது எப்படி அழகில்லையோ, அப்படித்தான் இதுவும். "பிடி மச்சான், அந்தப் பக்கத்தப் பிடி" என்ற சத்தம் கேட்கும், நான் ஆகாயத்தில் இருப்பேன். சேலையைச் சரிசெய்யக்கூட நேரம் தரமாட்டார்கள். அம்மனே கோயில் சடங்குக்குச் சடங்குதான் ஊர்வலம் வருகிறாள். நான் கல்யாண வீடு, வங்கி, ஆஸ்பத்திரி என்று வாரத்துக்கு வாரம் வருகிறேன். அவளுக்காவது மேளம் உண்டு.

அதனால் அன்று வவுணதீவிலிருந்து பாலத்தைத் தாண்டி ஓட்டோவில் போகும்போது நான் சண்டைக்குத் தயாராகவே இருந்தேன். நாற்காலியைப் பின்னால் மடித்து வைத்திருந்தோம். அக்கா ஒரு பழைய துவாயும் எடுத்து வந்திருந்தாள். தூக்கும்போது காலைச் சுற்றிக்கொள்ளத்தான்.

சண்டைக்கு முதல் இடைஞ்சல் டிக்கட் வாங்குமிடத்தில் வந்தது. அந்த மேசையில் ஒரு பக்கத்தைத் தாழ்வாக வைத்திருந்தார்கள். வழக்கமாக இப்படியான இடங்களில் நான் பார்ப்பது மேசையின் அடிப்பலகையைத்தான். இங்கே டிக்கட் தரும் மனிதரின் முகத்தைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்து, "எத்தன பேர்?" என்றார். அங்கிருந்து ராட்டினம் வரைக்கும் மணலே இல்லை, வழவழப்பில்லாத சீமெந்துப் பாதை. கழிப்பறைக் கதவு அகலம், கொண்டி என் கைக்கு எட்டும் உயரத்தில். ஒரு தேவையும் இல்லாமல் அந்தக் கொண்டியை இன்னொரு தடவை போட்டுத் திறந்து பார்த்தேன். கதவை எப்போதும் தாங்களே பூட்டிக்கொள்கிறவர்களுக்கு அந்தச் சந்தோஷம் விளங்காது.

ராட்டினத்தின் பெட்டிகளில் ஒன்று மட்டும் பெரிது. மற்றவற்றில் எதிரெதிரே உட்கார வாங்குகள், இதில் சுவரோரம் மடிக்கிற ஒரு சின்ன இருக்கைதான். மிச்சமெல்லாம் வெறுந்தரை. கதவில் நீல நிறத்தில் சக்கர நாற்காலிப் படம். ஆனால் அது சுற்றிக் கீழே வந்தபோது உள்ளே ஒரு குடும்பமே இருந்தது. தரையில் பாய், பாயில் பிள்ளைகள், தேத்தண்ணிப் போத்தல். நடுவில் வீட்டிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்டிக் கதிரையில் வயதான ஓர் உம்மா மகாராணி மாதிரி வீற்றிருந்தார். காத்தான்குடியிலிருந்து வந்தவர்களாம்.

ராட்டினத்தை இயக்கும் பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். அப்போதுதான் சாப்பிட்டுவிட்டு வேலைக்குத் திரும்பியிருந்தாள். அவள் இல்லாத நேரம் வேறு யாரோ இவர்களை ஏற்றிவிட்டிருக்கிறார்கள். இந்தப் பெட்டி யாருக்கானது என்று அவள் தன்மையாக எடுத்துச் சொன்னதும் உம்மாவுக்கு முகம் வாடிவிட்டது.

"கதவில கதிரப் படம் கீறியிருக்கே மகள்," என்றார். "கதிர கொண்டு வாறவங்களுக்கு எண்டுதான் நினைச்சம். எனக்கு முழங்கால் ஏலா. எங்க போனாலும் கதிரையோடதான் போற."

கோபப்படத்தான் வாயைத் திறந்தேன், சிரிப்பு வந்துவிட்டது. அவர் சொன்னதில் என்ன பிழை? நானும் எங்கே போனாலும் கதிரையோடு போகிறவள்தான்.

உம்மா இறங்கினார், பாய் இறங்கியது, பிள்ளைகள் இறங்கினார்கள். செய்த பிழைக்கு ஈடுகட்ட வேண்டும் அல்லவா? கீழே நின்ற அவருடைய ஆண்மக்கள் நாலு பேரும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு என் நாற்காலியைச் சூழ்ந்துவிட்டார்கள். அக்கா துவாயை விரித்தாள். நான் சக்கரங்களை இறுக்கிப் பிடித்தேன்.

"விடுங்க நானா," என்றாள் அந்தப் பெண் அவர்களில் மூத்தவரிடம். "அவவக் கேக்காமத் தொடாதீங்க."

பிறகு என் முகத்துக்கு நேராகக் குந்தியிருந்து கேட்டாள். "எப்பிடி ஏறினா உங்களுக்கு லேசு அக்கா?"

என் தலைக்கு மேலால் அக்காவைப் பார்த்து, "அவ தேத்தண்ணி குடிப்பாவா?" என்று கேட்கிற உலகத்தில் இருந்துவிட்டு இந்தக் கேள்வியைக் கேட்டபோது, அவள் முகத்தையே பார்த்தேன். அந்தப் பிள்ளையை எனக்கு அப்படிப் பிடித்துவிட்டது.

"நானே உருட்டிக்கொண்டு போறன்," என்றேன்.

அவள் ஓர் இரும்புத் தகட்டை இறக்கினாள். அது மேடையையும் பெட்டியையும் ஒன்றாக்கியது. சக்கரத்தைத் தள்ளினேன், உள்ளே இருந்தேன். அவ்வளவுதான். தரையிலிருந்த கொளுக்கிகளில் பட்டிகளை மாட்டி, ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தாள். "நீங்க சரியெண்டு சொன்னாத்தான் சுத்துவன்," என்றாள்.

பழக்கதோஷத்தில் அக்காவும் ஏற வந்தாள். மகள் தன் செருப்பைக் கழற்றி அவளிடம் நீட்டினாள். "பெரியம்மா, நீங்க இதப் பாத்துக்கங்க."

அக்கா திகைத்துப்போய் நின்றாள். உம்மாதான் தன் கதிரையை இழுத்துப் போட்டு, "இதில இரிங்க தங்கச்சி," என்றார். மடியில் என்னுடைய பைகளோடு அக்கா உட்கார்ந்தாள்.

"சரி," என்றேன் நான்.

பெட்டி மேலே போனது. மகள் வாய் ஓயாமல் பேசினாள். பாலம், தோணிகள், அக்கரையில் எங்கள் வயல் வட்டை பச்சையாக, எல்லாவற்றையும் எனக்குக் காட்டினாள். உச்சியில் ராட்டினம் நின்றது. கீழே யாரோ ஏறுகிறார்கள். வாவிக் காற்று பெட்டியை ஆட்டியது. மகளின் பேச்சு நின்றுவிட்டது. கீழே பெரியம்மாவைத் தேடினாள். அவள் தூரத்தில் ஒரு புள்ளியாக இருந்தாள்.

பிறகு என் சேலையைப் பிடித்தாள். தலையை என் கைக்குள் நுழைத்துக்கொண்டு, "அம்மா, விடாதீங்க," என்றாள்.

"எங்க விடுற," என்றேன். சக்கரம் தள்ளித் தள்ளி உரமேறிய கைகள். அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பிள்ளை பயத்தில் நடுங்குகிறாள், தாய்க்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

கீழே வந்து நின்றதும் அக்கா எழுந்து, வழக்கம்போல இரண்டு கைகளையும் நீட்டினாள். மகள் பிடியை விடவில்லை.

"இன்னொருக்காப் போவமா அம்மா?"

நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவள் காத்துக்கொண்டிருந்தாள்.

"சரி," என்றேன். "சுத்துங்க."